ரயில் லேஅவுட்டுக்கு வயல் எந்திரங்கள்: வாசகர் கேள்வி பதில்

மாடல் ரயில் செய்கிறவர்கள் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது லேஅவுட்டில், அதாவது தண்டவாளமும் நிலமும் சேர்த்து அமைத்த மாதிரிக் காட்சியில், தண்டவாளத்தை ஒட்டிய வயலுக்கும் கொடுக்க வேண்டும், அங்கே நிற்கும் டிராக்டரையும் கலப்பையையும் கையாலேயே செய்ய முடியும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகள் இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. நல்ல கேள்விகள். நேராக விஷயத்துக்குப் போகலாம்.

கேள்வி: எச்ஓ ஸ்கேலில் ரெடிமேட் டிராக்டர் ஒன்றை வாங்கி வயலில் நிறுத்தினேன். அளவு சரி, நிறம் சரி, ஆனாலும் பொம்மை மாதிரியே தெரிகிறது. என்ன குறை?

பதில்: தடிமன். எச்ஓ என்றால் 1:87, அதாவது நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. நிஜ டிராக்டரின் பானட்டும் மட்கார்டும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தகட்டில் அடித்தவை. அதை 87-ஆல் வகுத்தால் நாம் எழுதும் தாளின் தடிமனில் கால்வாசிகூட வராது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மட்கார்டு சாதாரணமாக அரை மில்லிமீட்டர் இருக்கும், திருப்பிப் பெருக்கினால் நான்கு சென்டிமீட்டருக்கு மேல். அப்படி ஒரு மட்கார்டு உலகத்தில் எங்கேயும் இல்லை, நம் கண்ணுக்கு அது சட்டென்று தெரிந்துவிடுகிறது, ஆனால் எது தப்பு என்று மட்டும் சொல்லத் தெரிவதில்லை.

இன்னொன்று, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். வயல் எந்திரம் காரைப் போல மேலே ஓடு போர்த்திய பொருள் இல்லை. சட்டம், கம்பி, சக்கரம், நெம்புகோல், நடுவில் வெறும் காற்று, அவ்வளவுதான். சீட்டுக்கு அடியில், முன் அச்சுக்கு மேலே, ஆரக்கால்களுக்கு இடையில் என்று எங்கே பார்த்தாலும் அந்தப் பக்கத்து மண் தெரியும். வார்ப்பு மாடலில் அந்த இடைவெளிகளை எல்லாம் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் அச்சிலிருந்து பிரித்தெடுக்க அதுதான் வசதி. ஆகவே உங்கள் டிராக்டரைத் தூக்கிப் போட வேண்டாம். மட்கார்டின் ஓரத்தை உள்பக்கமிருந்து சாய்வாக அராவுங்கள், வெளியே தெரியும் விளிம்பு மட்டும் கத்தி மாதிரி மெலிந்தால் போதும், உள்ளே தடியாக இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஸ்டியரிங் தண்டையும் நெம்புகோல்களையும் வெட்டிவிட்டு 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வையுங்கள். புகைக்குழாயின் வாயை மெல்லிய ட்ரில்லால் குடையுங்கள். அடைபட்ட இடைவெளி எதுவாக இருந்தாலும் திறந்துவிடுங்கள். கடைசியாக மேலே மேட் வார்னிஷ். ஒரு மாலை வேலைதான், ஆனால் அதற்கப்புறம் அது வேறு டிராக்டர்.

கேள்வி: 1:64 பண்ணைப் பொம்மைகளும் 1:76 கிட்களும் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை எச்ஓ லேஅவுட்டில் கலந்து வைத்தால் தப்பா?

பதில்: கணக்கைப் பாருங்கள். 1:64 பொருள் 1:87-ஐ விட 36 சதவீதம் பெரியது. அது எச்ஓவில் எங்கே நின்றாலும் உதைக்கும். அது எஸ் ஸ்கேலுக்குச் சொந்தமானது, எஸ் ஸ்கேலில் லேஅவுட் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொம்மைகள் பெரிய வரம். 1:76 என்பது 14 சதவீதம்தான் பெரியது, இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. டிராக்டர்களே நிஜத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் வந்தவைதானே, அதனால் உடம்பு சற்றுப் பெரிதாக இருந்தால் 'இது பெரிய மாடல்' என்று கண் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத இடங்கள் மனித உடம்பு படும் இடங்கள்: சீட், ஸ்டியரிங் வளையம், மிதி, ஏறும் படி. எவ்வளவு பெரிய எந்திரமாக இருந்தாலும் மனிதன் அதே மனிதன். நிஜத்தில் 45 சென்டிமீட்டர் ஸ்டியரிங் எச்ஓவில் 5.2 மில்லிமீட்டர். 1:76 கிட்டில் இந்த நாலு பாகத்தை மட்டும் எச்ஓ அளவில் நீங்களே செய்து மாற்றிவிட்டால் மற்றதை யாரும் கேட்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கமாக, லேஅவுட்டின் பின்சுவரை ஒட்டிய தூரத்து வயலில் 'என்' (N) ஸ்கேல் டிராக்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். 1:160 ஆதலால் அது தொலைவில் நிற்பதாகவே தோன்றும். முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்ற வரிசை மட்டும் எங்கேயும் தலைகீழாகக் கூடாது.

கேள்வி: நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? என்னிடம் கத்தியும் பசையும் மட்டும்தான் இருக்கின்றன.

பதில்: தம்பி, மண்ணைச் சமன் செய்யும் உருளையில் ஆரம்பி. தீர்ந்துபோன பேனா ரீஃபில் குழாயோ பானம் குடிக்கும் உறிஞ்சுகுழலோ ஒரு துண்டு, நடுவில் அச்சாக ஒரு குண்டூசி, சுற்றிலும் நாலு சட்டம், முன்னால் இழுக்க ஒரு ஏர்க்கால். அவ்வளவுதான் எந்திரமே. சட்டத்துக்கு அட்டையை மெல்லிய பட்டையாக நறுக்கி அதில் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு ஊறவிட்டால் காய்ந்ததும் பிளாஸ்டிக் போல இறுகிவிடும், உப்புத்தாளில் தேய்க்கவும் முடியும். சூப்பர் க்ளூவும் புதுக் கத்தியும் எடுக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள். நாலு மூலையும் செங்கோணமாக வரும்வரை விடாதே. உருளை கோணலாக இருந்தால் எந்தப் பெயின்ட்டும் அதை மறைக்காது.

கேள்வி: டிஸ்க் ஹாரோ செய்ய ஆசை. அந்த வட்டத் தகடுகளை இத்தனை சிறிதாக, ஒரே மாதிரி எப்படி வெட்டுவது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உழுத கட்டிகளை உடைக்கும் அந்த வட்டுகள் நிஜத்தில் 18 முதல் 24 அங்குல விட்டம். அலுவலகத்தில் காகிதத்தில் துளை போடும் சாதாரண பஞ்ச் இருக்கிறதே, அதன் துளை 6 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 52 சென்டிமீட்டர், அதாவது இருபது அங்குலத்துக்குச் சற்று அதிகம். எச்ஓ காரர்களுக்காகவே செய்து வைத்தது போல ஒரு கருவி மேஜை மேலேயே கிடக்கிறது.

குளிர்பான அலுமினியக் கேனை வெட்டித் தட்டையாக்குங்கள். ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், பஞ்ச் அதைச் சுலபமாக வெட்டும். ஓரங்கள் கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தகட்டில் ஊசியால் புள்ளி வைத்து அச்சுக்கான சிறு துளையைப் போட்டுவிடுங்கள். அப்புறம் பஞ்சின் அடித்தட்டைக் கழற்றிக் கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் வெட்டும் வட்டம் கண்ணுக்குத் தெரியும், அதன் நடுவில் உங்கள் துளை வரும்படி தகட்டை நகர்த்தி அழுத்துங்கள். வெட்டிய பிறகு மையம் தேடுவது பெரும்பாடு, இந்த வரிசையில் செய்தால் அந்தத் தொல்லையே இல்லை. வட்டை மிருதுவான ரப்பர் அழிப்பான் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா முனையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுற்றிச் சுற்றி அழுத்துங்கள். மெல்ல மெல்லக் கிண்ணம் போலக் குழியும். முழுக்கக் குழிய வேண்டாம், விளக்குக்கு நேரே பிடித்தால் நடுவில் நிழல் விழ வேண்டும், அந்த அளவு போதும்.

வட்டுகளுக்கு இடையே நிஜத்தில் ஒன்பது அங்குல இடைவெளி வைப்பது வழக்கம், எச்ஓவில் 2.6 மில்லிமீட்டர். மெல்லிய மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை உருவி அந்த நீளத்துக்குத் துண்டுகள் போட்டு, 0.4 மில்லிமீட்டர் கம்பியில் ஒரு வட்டு, ஒரு துண்டு, ஒரு வட்டு என்று கோத்துக்கொண்டே போங்கள். நிஜ எந்திரத்திலும் வட்டுகளுக்கு நடுவே இப்படித்தான் உருளைகள் இருக்கின்றன, ஆக நீங்கள் செய்வது வெறும் ஒப்பனை இல்லை, அதே கட்டுமானம்.

இனி பலரும் கவனிக்காத இடம். இரட்டை வரிசை ஹாரோவில் முன்வரிசை மண்ணை வெளிப்பக்கம் தள்ளும், பின்வரிசை அதை உள்பக்கம் திருப்பித் தள்ளும். ஆகவே முன் வட்டுகளின் குழி வெளியே பார்க்கும், பின் வட்டுகளின் குழி உள்ளே பார்க்கும். ஒவ்வொரு வரிசையும் இடம், வலம் என்று இரண்டு பாதியாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் நாலு பாதியும் சேர்ந்து பெருக்கல் குறி மாதிரி இருக்கும். எல்லா வட்டையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டால் அது மண்ணில் வேலை செய்யாத எந்திரம். டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய வகை சாலையில் போகும்போது அந்தக் கோணத்தை நெம்புகோலால் நேராக்கிவிடுவார்கள். வயலில் நிற்பதா, ரோட்டோரம் நிற்பதா என்று முதலில் முடிவு செய்துகொண்டு ஒட்டுங்கள்.

கேள்வி: பழைய இரும்புச் சக்கரத்தின் ஆரக்கால்கள் எனக்கு ஒருபோதும் நேராக வருவதில்லை.

பதில்: ஒவ்வொரு ஆரக்காலாக ஒட்டினால் யாருக்கும் வராது. சக்கரத்தின் படத்தைச் சரியான அளவில் தாளில் வரைந்து மரத்துண்டில் ஒட்டுங்கள். வட்டைக்கு, அதாவது வெளி வளையத்துக்கு, அதே அலுமினியக் கேன் தகட்டில் ஒரு பட்டை வெட்டிச் சரியான விட்டமுள்ள தண்டில் சுற்றி, முனைகளைச் சற்று ஏற்றி ஒட்டுங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு எச்ஓவில் ஒன்பது மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டை ஆகிறது, நிஜத்துக்கு மிக நெருக்கம். இப்போது கம்பிகளை ஆரக்காலாக இல்லாமல் விட்டமாக, ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை ஒரே துண்டாகக் குறுக்கே போடுங்கள். கோட்டின் மேல் கம்பி, அவ்வளவுதான், நேராகத்தான் வரும். நடுவில் குடத்துக்கு, அதாவது அச்சு நுழையும் மையப் பாகத்துக்கு, ஒரு சிறு வட்டு ஒட்டினால் கம்பிகள் சேரும் இடம் மறைந்துவிடும்.

ஒரு படி மேலே போக விரும்பினால், நிஜச் சக்கரத்தை முன்பக்கமிருந்து பாருங்கள். ஆரக்கால்களில் பாதி குடத்தின் உள்முனைக்கும் பாதி வெளிமுனைக்கும் போகும், பக்கவாட்டு பாரத்தைத் தாங்க அப்படி. ஆகவே இரண்டு அடுக்காகச் செய்யுங்கள், நடுவில் குடத்தின் நீளம். சக்கரத்தைத் திருப்பும்போது ஆரக்கால்கள் ஒன்றையொன்று கடப்பது தெரியும், அதைப் பார்த்த பிறகு ஒற்றை அடுக்கில் செய்ய மனசு வராது.

வைக்கோலை வாரிச் சேர்க்கும் எந்திரத்தின் வளைந்த பற்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பல்லாக வளைக்காதீர்கள். 0.25 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை ஒரு தண்டில் நெருக்கமாகச் சுருளாகச் சுற்றிவிட்டு, சுருளை நீளவாக்கில் ஒரே கோட்டில் வெட்டினால் எல்லா வளைவும் ஒன்று போலக் கிடைக்கும். கம்பி சற்று விரிந்துகொள்ளும், அதனால் தேவைக்குக் கொஞ்சம் சிறிய தண்டாக எடுங்கள்.

கேள்வி: வரைபடமே இல்லாத எந்திரம். ஒரு பழைய புகைப்படம் மட்டும் இருக்கிறது. அளவு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: படத்தில் உங்களுக்கு அளவு தெரிந்த ஒரு பொருள் வேண்டும், ஒன்று போதும். ரப்பர் டயர் இருந்தால் அதிர்ஷ்டம். பக்கவாட்டில் 11.2-38 என்ற மாதிரி எழுதியிருக்கும், கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 38 அங்குலம் எச்ஓவில் 11.1 மில்லிமீட்டர். அதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் விகிதம் போட்டுவிடலாம், ஆனால் அந்தச் சக்கரம் இருக்கும் அதே தளத்தில் உள்ள பாகங்களுக்கு மட்டும். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுந்திருக்கும். அருங்காட்சியகத்தில் நீங்களே படம் எடுப்பதாக இருந்தால் எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய் ஜூம் செய்து எடுங்கள், எந்திரத்தை ஒட்டி ஒரு அளவுகோலையும் நிறுத்திவிடுங்கள். பழைய உதிரிபாகப் புத்தகங்களில் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துப் பிரித்து வரைந்திருப்பார்கள். எது எதோடு சேர்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

கேள்வி: என் லேஅவுட் 1920-களின் அமெரிக்கக் கிளைப்பாதை. ரப்பர் டயர் போட்ட சிவப்பு ஃபார்மால் டிராக்டர் நிறுத்தியிருக்கிறேன். நண்பர் தப்பு என்கிறார்.

பதில்: நண்பர் சொல்வது சரி, இரண்டு காரணத்துக்காக. ஃபார்மால் 1924-ல் வந்தபோது சாம்பல் நிறம், சிவப்புக்கு மாறியது 1936-ன் கடைசியில். காற்றடைத்த ரப்பர் டயரை டிராக்டரில் போட்டு விற்கத் துவங்கியது அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், 1932-ல், அதன் யு மாடலில். அதற்கு முன்னால் பற்கள் வைத்த இரும்புச் சக்கரம்தான். உங்கள் காலத்துக்குப் பொருந்துவது 1917-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்சன், சாம்பல் உடம்பு, சிவப்புச் சக்கரம். 1923-ல் வந்த ஜான் டியர் டி-யும் பொருந்தும், பச்சை உடம்பு, மஞ்சள் சக்கரம். உங்கள் ஃபார்மாலையே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சாம்பல் அடித்து மேலே சொன்ன முறையில் இரும்புச் சக்கரம் போடுங்கள், டிராக்டர் பிழைத்துவிடும்.

1940-களில் மாடல் செய்பவர்களுக்கு ஒரு தகவல்: இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது புது டிராக்டர்கள் மறுபடி இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்தன. அந்த ஆண்டுகளில் இரும்புச் சக்கரத்தைப் பார்த்துப் பழைய வண்டி என்று முடிவு கட்ட முடியாது. போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் லேஅவுட் என்றால் யோசிக்கவே வேண்டாம், 1946 முதல் 1956 வரை வந்த ஃபெர்குசன் டிஇ20 ஒன்று நிற்கட்டும், தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். அதன் பின்னால் கலப்பையைத் தூக்கும் மும்முனை இணைப்பைக் கம்பியில் செய்துவிடுங்கள், கீழே இரண்டு கை, மேலே ஒன்று. அந்த முக்கோணம் இல்லாமல் ஃபெர்குசன் ஃபெர்குசனாக இருக்காது.

கேள்வி: நீராவி டிராக்டரும் கதிரடிக்கும் எந்திரமும் பெல்ட்டால் இணைந்து ஓடுவது போல் ஒரு காட்சி. எவ்வளவு தள்ளி நிறுத்துவது? ஓடவும் வைக்க முடியுமா?

பதில்: பெரும்பாலான லேஅவுட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருப்பார்கள், இடம் போதவில்லை என்று. நிஜத்தில் அந்தப் பெல்ட் 100 முதல் 150 அடி நீள வளையம். எஞ்சினின் தீப்பொறி வைக்கோலில் விழக்கூடாது என்பது ஒரு காரணம், நீளமான பெல்ட் தன் கனத்திலேயே புல்லியை நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொன்று. 150 அடி வளையம் என்றால் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 70 அடி, எச்ஓவில் 25 சென்டிமீட்டர். அவ்வளவு இடம் இல்லையென்றால் 15-க்குக் குறைக்காதீர்கள். அந்தத் தூரம்தான் காட்சியே. இரண்டு பெரிய எந்திரம், நடுவில் நிலத்துக்கு மேலே ஆடும் ஒரு பட்டை, அதை ஒட்டிக் கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி. பெல்ட்டை எட்டு வடிவத்தில் ஒருமுறை குறுக்கே முறுக்கி மாட்டுவார்கள், நீளப் பெல்ட் காற்றில் படபடப்பது அதனால் குறையும். குறுக்குப் பெல்ட்டில் இரண்டு புல்லியும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் என்பதை மறக்க வேண்டாம். எஞ்சின் பக்கம் பெல்ட் ஓடுவது அதன் ஃப்ளைவீலில். எஞ்சின் நிற்பது கதிர்க்கட்டுகளைப் போடும் முன்பக்கத்துக்கு எதிரே. வைக்கோலை ஊதித் தள்ளும் பெரிய குழாய் மறுகோடியில், எஞ்சினுக்கு எவ்வளவு தொலைவோ அவ்வளவு தொலைவில்.

பெல்ட்டுக்குப் பழைய ஆடியோ கேசட் நாடா அருமையான பொருள். அகலம் 3.81 மில்லிமீட்டர். 1:48 ஓ ஸ்கேலில் அது ஏழு அங்குலத்துக்குச் சற்று அதிகம், வெட்டவே வேண்டாம். எச்ஓவில் எட்டு அங்குலப் பெல்ட்டுக்கு 2.3 மில்லிமீட்டர் வேண்டும், கண்ணாடி மேல் ஒட்டிவைத்துப் புதுப் பிளேடால் நறுக்குங்கள். பளபளப்பைத் தணிக்கப் பழுப்புப் பொடி தடவுங்கள்.

ஓட வைப்பது முடியும். கியர் வைத்த சிறு மோட்டாரை மேஜைக்கு அடியில் மாட்டி, அதன் தண்டைக் கதிரடிக்கும் எந்திரத்தின் வயிற்றுக்குள் ஏற்றி அங்கிருந்து புல்லியைச் சுற்றுங்கள். எஞ்சின் பக்கத்து ஃப்ளைவீல் தானாகச் சுழலட்டும், பெல்ட் அதை இழுத்துக்கொள்ளும். வேகம் வேண்டாம். மெதுவாக, தொடர்ந்து, சத்தமில்லாமல் சுற்றினால் போதும். அந்த ஒன்று அசைந்தால் பக்கத்தில் அசையாமல் நிற்கும் மனிதர்கள்கூட வேலை செய்வது போலத் தோன்றும். எல்லாவற்றையும் அசைக்கப் போனால் கண் எங்கேயும் நிற்காது.

கேள்வி: நான் செய்வது 'என்' (N) ஸ்கேலில். இதெல்லாம் எனக்கு எட்டுமா?

பதில்: எட்டும், ஆனால் எதை விடுவது என்று தெரிய வேண்டும். 25 மில்லிமீட்டர் இரும்புத்தண்டு உங்களுக்கு 0.16 மில்லிமீட்டர். பல இழை மின்கம்பியைப் பிரித்தால் அந்த மாதிரி மெல்லிய செம்பு இழை கிடைக்கும். அது நெளிந்திருக்கும், ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குறட்டால் மெல்ல இழுங்கள், துளி நீளுவது கைக்குத் தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள். கம்பி நேராவதோடு விறைப்பும் ஏறிவிடும். போல்ட், ரிவெட், கிரீஸ் முனை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். எந்திரத்தின் நிழலுருவமும் சக்கரங்களின் அளவும் நிற்கும் தோரணையும் சரியாக இருந்தால் போதும். ஒரு நெம்புகோல் கூடுதலாக வைப்பதற்குப் பதில் இருப்பதை இன்னும் மெல்லியதாக்குங்கள்.

கேள்வி: சூப்பர் க்ளூ ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறது.

பதில்: பசையின் ஆவி படிவது அது. குறைவாகப் போடுங்கள், ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும். காற்றோட்டம் வேண்டும், மூடிய டப்பாவில் காய வைக்கவே கூடாது. ஸ்டைரீன் என்ற மாடல் பிளாஸ்டிக்கை அதே ஸ்டைரீனோடு ஒட்ட சூப்பர் க்ளூ தேவையே இல்லை, அதற்குரிய திரவ சிமென்ட் இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். பித்தளையோடு பித்தளை என்றால் சால்டரிங் கற்றுக்கொள்ளுங்கள், பசை நாளடைவில் விட்டுப்போகும்.

கேள்வி: 3டி பிரின்டர் வந்த பிறகு கையால் செய்வதற்கு ஏன் மெனக்கெட வேண்டும்?

பதில்: பிரின்டரை நான் எதிர்ப்பவன் இல்லை. பற்கள் வைத்த டயர், ரேடியேட்டர் முகப்பு, குழிவான சீட், எஞ்சின் பிளாக் இவற்றை ரெசின் பிரின்டர் கையைவிட நன்றாகச் செய்யும், தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் 0.3 மில்லிமீட்டர் தண்டை ரெசினில் எடுத்துப் பாருங்கள், கைபட்டால் உடையும், உடையாவிட்டால் வெயிலில் வளையும். அந்த இடத்தில் உலோகக் கம்பிக்கு மாற்று இல்லை, வயல் எந்திரத்திலோ பாதிக்கு மேல் கம்பிதான். உருண்டு திரண்ட பாகம் பிரின்டரில், மெல்லிய பாகம் உலோகத்தில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக அமையும். அப்புறம், கையால் செய்யும்போது அந்த எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துபோகிறது. எந்தத் தண்டு எதை இழுக்கிறது, எந்த நெம்புகோல் எதைத் தூக்குகிறது என்று தெரியாமல் கம்பியை எங்கே ஒட்டுவீர்கள்? எனக்கு இந்த வேலையில் பெரிய சந்தோஷம் அதுதான்.

கேள்வி: துருப்பிடித்த தோற்றம் கொடுத்தால் ஆரஞ்சு பொம்மை ஆகிவிடுகிறது.

பதில்: ஆரஞ்சு புதுத் துரு. பழைய துரு கரும்பழுப்பு. களஞ்சியத்துக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கிடக்கும் எந்திரத்துக்கு முதலில் கரும்பழுப்பு அடித்து, நீர் தங்கும் மூலைகளில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சுப் பொடி வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்குத் துருவே வேண்டாம், தூசிதான் வேண்டும், கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. பெயின்ட் வெளுப்பது மட்டும் நேர்மாறாக மேலிருந்து தொடங்கும். மண்ணில் உரசும் பாகங்களான கொழு, வட்டின் ஓரம், சக்கரத்தின் பல் இவை வெள்ளியாகப் பளிச்சென்று இருக்கும், மண்ணே அவற்றைத் தேய்த்து மெருகேற்றிவிடும். மென்பென்சில் கரியை விரலில் தொட்டு அந்த விளிம்புகளில் மட்டும் தேய்த்துப் பாருங்கள், எந்திரம் இப்போதுதான் வயலிலிருந்து வந்து நின்றது போல ஆகிவிடும்.

கேள்வி: செய்த டிராக்டர்களைத் திறந்த தட்டை வேகனில் ஏற்றி ரயிலில் ஓட்டலாமா?

பதில்: கட்டாயம். தொழிற்சாலையிலிருந்து விற்பனையாளருக்கு இவை ரயிலில்தான் நெடுங்காலம் போயின, இந்த ஒரு வேகன் உங்கள் வயலையும் தண்டவாளத்தையும் சேர்த்துவிடும். புது எந்திரம் ஆகையால் தூசியும் துருவும் கூடாது, டயர்கூடச் சுத்தம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு வைத்து, அச்சைச் சங்கிலியாலோ கம்பியாலோ நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், சும்மா நிறுத்திய டிராக்டர் முதல் வளைவிலேயே விழுந்துவிடும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அறுவடை எந்திரத்தின் முன்பக்க வெட்டும் பகுதி வேகனைவிட அகலம், அதைக் கழற்றி நீளவாக்கில் வைப்பார்கள். கலப்பையும் ஹாரோவும் பெரும்பாலும் பிரித்துக் கட்டித்தான் போகும், அதனால் செய்து மிஞ்சிய பாகங்களைக் கட்டாகக் கட்டி ஏற்றுங்கள்.

எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 40 அடி வேகன் எச்ஓவில் 140 மில்லிமீட்டர். அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்பாதைச் சங்கம் எச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்ஸும் நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸும் சொல்கிறது, கணக்குப் போட்டால் 106 கிராம். தட்டை வேகனில் எடை ஒளிக்க இடமே இல்லாததால் வெறுமையாக அது இதற்கு ரொம்பக் கீழே இருக்கும். தரைத்தட்டின் அடியில், நடுச்சட்டங்களுக்கு இடையே ஈயத் துண்டுகளை ஒட்டி அந்த எடையைக் கொண்டுவாருங்கள். மேலே ஏறும் டிராக்டர் எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது, பித்தளையில் கனமாகச் செய்ததை ஏற்றினால் வளைவில் சாயும். ஏற்றி முடித்ததும் புகைக்குழாயின் உச்சி உங்கள் சுரங்கப்பாதைக்குள் நுழையுமா என்று வேகனைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் எஞ்சினை மாட்டுங்கள்.